மைக் வேண்டாம், பாதிக் கூரைக்கு ஒரு மூடி போதும்

பள்ளிக் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டு, எஸ்டிமேட் எழுதி, டெண்டர் விடும் பொறியாளர்களுக்கு,

போன வாரம் எங்கள் பள்ளிக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால், இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கரும் தலையில் மாட்டிக்கொள்ளும் மைக்கும் இரண்டு செட். வகுப்பில் பாடம் கேட்கவில்லை, அறை முழக்கம் போடுகிறது, ஏதாவது செய்யுங்கள் என்று நான் கொடுத்த மூன்று மனுக்களுக்குக் கிடைத்த பதில் அதுதான். அதே நாளில்தான், எங்கள் வளாகத்தில் இன்னும் இரண்டு வகுப்பறை கட்ட அனுமதி வந்திருக்கிறது என்று தலைமை ஆசிரியர் வரைபடத்தைக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முன்னால் கட்டிய அதே அறைகள். அதே அளவு, அதே டைல்ஸ், அதே மொட்டைக் கூரை. மாறியது ஒன்றே ஒன்று, இரண்டு அறைக்கும் நடுவில் வரும் சுவர். அது இந்த முறை இன்னும் மெல்லிசு.

அன்று ராத்திரிதான் இதை எழுத உட்கார்ந்தேன். பள்ளியின் பெயரையோ மாவட்டத்தின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. இந்த வரைபடம் எங்களுக்கு மட்டும் வந்ததில்லை, பக்கத்து ஒன்றியங்களில் நான் போய்ப் பார்த்த பள்ளிகளிலும் இதே அறைதான் நிற்கிறது.

நான் இடைநிலை ஆசிரியை. இருபத்தொரு வருட சர்வீஸ். கல்லூரியில் இயற்பியல் படித்தேன், அதனால் கீழே வரும் கணக்குகளை நானே போட்டேன். தப்பு இருந்தால் திருத்துங்கள், நன்றியோடு ஏற்றுக்கொள்வேன். ஆனால் கணக்குக்கு முன்னால் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் சொல்வதெழுதல் போட்டேன். கடைசி வரிசையில் உட்காரும் பையன் ஒருவன் 'கத்தி' என்று நான் சொன்னதைக் 'கட்டி' என்று எழுதியிருந்தான். 'முத்து' அவன் நோட்டில் 'முட்டு' ஆகியிருந்தது. 'பக்கம்' என்றேன், 'பட்டம்' என்று எழுதியிருந்தான். ல, ள, ழ குழப்பம் என்றால் எல்லா வகுப்பிலும் உண்டு, அது எழுத்துப் பிழை, சொல்லிக் கொடுத்தால் சரியாகும். இது அந்த வகை இல்லை. அவன் எழுதிய ஒவ்வொன்றும் சரியான தமிழ்ச் சொல், சரியான எழுத்து. அவன் காதுக்கு என்ன போய்ச் சேர்ந்ததோ அதைத்தான் ஒழுங்காக எழுதியிருக்கிறான். சந்தேகம் தீர, மறுநாள் காலையில் வகுப்பையே வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், அவனை அதே தூரத்தில் உட்கார வைத்து, அதே சொற்களை வரிசை மாற்றிச் சொன்னேன். எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை.

பிறகு அறைக்குள் நடப்பது என்ன? தமிழில் உயிரொலிதான் சத்தமாக, நீளமாக வரும். க், ட், த், ப் இதெல்லாம் ஒரு விநாடியில் நூற்றில் சில பங்குதான் இருக்கும், அதுவும் மெலிசாக. 'கத்தி'க்கும் 'கட்டி'க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. நான் 'க' என்று சொன்ன அகரம் சுவரிலும் தரையிலும் முட்டி முட்டி இன்னும் அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போது அடுத்த 'த்' வருகிறது. பெரிய சத்தத்தின் வால் சின்ன சத்தத்தின் மேல் விழுந்து மூடிவிடுகிறது. பெரியவர்கள் நாம் பாதிச் சொல்லைக் கேட்டாலே மீதியை ஊகித்துக்கொள்வோம், ஏனென்றால் அந்தச் சொல் நமக்கு முன்பே தெரியும். பத்து வயசுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லே புதிது. எதை வைத்து ஊகிப்பான்?

இதற்குப் பெயர் எதிர்முழக்கம். நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, நானே பரீட்சைக்குக் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். சத்தம் நின்ற பிறகு அது பத்து லட்சத்தில் ஒரு பங்காக, அதாவது சத்தத்தை அளக்கும் அலகில் 60 டெசிபல், குறைய எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுதான் அந்த அறையின் எதிர்முழக்க நேரம். வகுப்பறைக்கு அது 0.6 விநாடிக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லிவிட்டது. பாடம் நடக்கும்போது வெளியிலிருந்து வரும் இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பதும் அதே பரிந்துரையில் உண்டு. இந்தியாவிலும் இது கேள்விப்படாத விஷயம் இல்லை. 2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் எட்டாம் பாகத்தின் நான்காம் பிரிவு முழுவதும் ஒலியியல், ஒலித் தடுப்பு பற்றியதுதான். உங்கள் அலுவலக அலமாரியில் அந்தப் புத்தகம் நிச்சயம் இருக்கும்.

இப்போது எங்கள் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 20 அடிக்கு 20 அடி, உயரம் பத்தரை அடி. சுமார் 119 கனமீட்டர். தரையில் விட்ரிஃபைட் டைல்ஸ், சுவரில் நாலு அடி உயரத்துக்கு வழவழப்பு டைல்ஸ், அதற்கு மேல் பட்டி பார்த்து பெயிண்ட், மேலே கான்கிரீட். இந்தப் பொருள்களில் எது சத்தத்தை உறிஞ்சும்? பீங்கான் டைல்ஸும் பெயிண்ட் அடித்த கான்கிரீட்டும் தன்மேல் விழும் சத்தத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும், மீதி 98 பங்கை அப்படியே திருப்பி அனுப்பும். கதவு ஜன்னலையும் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாகவே நூற்றுக்கு மூன்று என்று வைத்துக்கொள்கிறேன். ஆறு பரப்பும் சேர்ந்து ஏறக்குறைய 152 சதுர மீட்டர், அதில் மூன்று சதவீதம் நாலரை. அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி இந்த நாலரையால் வகுத்தால் 4.3 விநாடி வருகிறது. சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு, ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு பலூனை உடைத்து செல்போனில் பதிந்து பார்த்தேன். நாலு விநாடியை ஒட்டித்தான் வந்தது.

பிள்ளைகள் உள்ளே இருந்தால் இது குறையும். மனித உடம்பும் துணியும் நல்ல உறிஞ்சிகள். ஒரு பிள்ளை 0.3 சதுர மீட்டர் முழு உறிஞ்சிக்குச் சமம் என்று 35 பேருக்குக் கணக்குப் போட்டால் பத்தரை. பழைய நாலரையோடு சேர்த்து 15. அப்போதும் எதிர்முழக்கம் 1.28 விநாடி, இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதாவது நான் சொன்ன ஒரு சொல், அடங்குவதற்கு முன்னால் 400 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, அந்தச் சின்ன அறைக்குள் நூறு தடவைக்கு மேல் எங்காவது முட்டித் திரும்புகிறது. இந்த அறையில் என் வாயிலிருந்து மூன்றடி தள்ளிப் போய்விட்டாலே, நேராக வரும் என் குரலைவிட சுவரில் பட்டுத் திரும்பி வரும் குரல்தான் அதிகம். முதல் பெஞ்சைத் தாண்டிய எல்லாப் பிள்ளையும் கேட்பது என்னையல்ல, சுவரை.

நீங்கள் அனுப்பிய மைக் ஏன் உதவாது என்பது இதிலேயே இருக்கிறது. ஸ்பீக்கர் என் குரலை இரண்டு மடங்காக்கினால் சுவர் திருப்பி அனுப்புவதும் இரண்டு மடங்காகும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறவே மாறாது. திறந்தவெளி மைதானத்தில் காலை வணக்கக் கூட்டத்துக்கு அது நல்ல சாமான், மறுக்கவில்லை. முழங்கும் அறைக்குள் அது முழக்கத்தைத்தான் கூட்டும். ஒருநாள் மாட்டிப் பார்த்தேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து, "டீச்சர், உங்க பாடம்தான் எங்க வகுப்புல நடக்குது" என்றார். அன்றே கழற்றி வைத்துவிட்டேன்.

என் வகுப்பில் காது கேட்கும் கருவி மாட்டிக்கொண்டு ஒரு பெண் படிக்கிறாள். சத்துணவு முடிந்து மதியம் வகுப்பு தொடங்கினதும் கருவியைக் கழற்றி ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துவிடுவாள். அலட்சியம் என்று நினைத்து ஆரம்பத்தில் நான் கண்டித்திருக்கிறேன், அதை இன்று நினைத்தாலும் மனசு உறுத்துகிறது. ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். "எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற மாதிரி இருக்கு மிஸ், தலை வலிக்குது" என்றாள். கருவிக்கு என் குரல் வேறு, சுவரின் குரல் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். மரத்தடியில் அதே கருவியோடு என் ஒவ்வொரு கேள்விக்கும் கை தூக்குகிறாள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பள்ளியின் கட்டடமும் வளாகமும் வசதிகளும் எல்லாப் பிள்ளையும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலிக்காகச் சாய்தளம் கட்டினீர்கள், கைப்பிடி வைத்தீர்கள், நல்ல காரியம். காதுக்கும் அப்படி ஒரு சாய்தளம் வேண்டும், அதை யாரும் எஸ்டிமேட்டில் எழுதவே இல்லை.

என் தொண்டையைப் பற்றியும் ஒரு வரி. குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, ஒரு மாதம் பேசாமல் இருங்கள் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் சொன்னார். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் கத்திப் பிழைக்கிறவள் எப்படிப் பேசாமல் இருப்பது?

சரி, நான் சும்மா குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பரிசோதித்துப் பார்த்தேன். பெற்றோர் சிலரிடம் கேட்டு ஆறு பவானி ஜமக்காளம் வாங்கினேன், கெட்டிப் பருத்தி, ஆறடிக்கு நாலடி. பின் சுவரில் ரீப்பர் கட்டை அடித்து, சுவரை ஒட்டாமல் இரண்டங்குலம் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டேன். அந்த இடைவெளி ரொம்ப முக்கியம். சுவரின் மேல் காற்று அசைய முடியாது, கொஞ்சம் தள்ளி வந்தால்தான் காற்றின் அசைவு வேகமாக இருக்கும், துணி இழைகளுக்குள் அது உரசிச் சூடாகி அடங்குவது அங்கேதான். அன்று வகுப்புக்குள் நுழைந்ததுமே பிள்ளைகள் குரல் தாழ்ந்துவிட்டது. நான் யாரையும் அடக்கவில்லை. அறை இரைந்தால் பேசுகிறவரும் தன்னையறியாமல் குரலை ஏற்றுவார், அவர் ஏற்றினால் பக்கத்தில் இருப்பவரும் ஏற்றுவார், இறங்கும்போதும் அதேபோலத்தான். கணக்குப்படி எதிர்முழக்கம் ஒரு விநாடிக்குச் சற்றுக் கீழே வந்திருந்தது. இன்னும் போதாதுதான். ஆனால் கடைசி பெஞ்சுப் பையன் 'முத்து' என்று எழுதினான்.

இதில் புதுமை எதுவும் இல்லை. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக் கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேச்சு புரியவில்லை என்று சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். அவர் பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு வந்து அடுக்கி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் எப்போது அடங்குகிறது என்று காதால் கேட்டே நேரம் குறித்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். நான் மேலே போட்ட கணக்கு அவர் கண்டுபிடித்த சூத்திரம்தான். திறந்த ஜன்னலைத்தான் அவர் அளவுகோலாக வைத்தார், ஏனென்றால் அதன் வழியே போன சத்தம் திரும்பி வருவதே இல்லை. நூறு வருடத்துக்கும் மேலாகக் கையில் இருக்கிற கணக்கு. ஒரு வகுப்பறைக்குப் போட பத்து நிமிஷம் ஆகாது.

ஜமக்காளம் இரண்டு வாரம் தொங்கியது. பார்வையிட வந்த அதிகாரி, துணி தீப்பிடிக்கும், தூசு சேரும், கழற்றுங்கள் என்றார். கழற்றிவிட்டேன். அவர் சொன்னது சரி என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறேன். 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன, அகற்றத்தான் வேண்டும். சத்தத்தை விழுங்குவதில் கீற்றைப் போன்ற கூரை இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் அதைத் திரும்பக் கொண்டு வா என்று எந்த ஆசிரியரும் கேட்கமாட்டார். நான் கேட்பது, கீற்றை எடுத்த இடத்தில் தகர ஷீட்டையும் வெறும் கான்கிரீட்டையும் வைத்தபோது, அந்தக் கூரை செய்துகொண்டிருந்த இன்னொரு வேலையை யார் செய்வது என்று ஏன் யோசிக்கவில்லை என்பதுதான். தீப்பிடிக்காத உறிஞ்சிகள் கடையில் கிடைக்கின்றன. ராக்வுல், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு, எரியாது. மர இழையையும் சிமெண்டையும் சேர்த்து அழுத்திச் செய்த பலகை எளிதில் தீப்பிடிக்காது, பந்து பட்டாலும் உடையாது, சத்தத்தையும் நன்றாக உறிஞ்சும். அலுவலகங்களில் கூரைக்குக் கீழே மாட்டுகிற மினரல் ஃபைபர் டைல்ஸ் இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்து எஸ்டிமேட் போடும் அறையிலேயே அது இருக்கலாம், ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நல்ல எண்ணத்தில் பலர் செய்கிற தப்பு அது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் முன்னாள் மாணவர்கள் காசு போட்டு சுவர் முழுக்க தெர்மாகோல் ஒட்டினார்கள். ஒன்றும் மாறவில்லை. தெர்மாகோலுக்குள் இருக்கும் குமிழ்கள் எல்லாம் மூடிய குமிழ்கள், சத்தம் உள்ளே நுழைய வழியே கிடையாது. சூட்டைத் தடுக்கும், சத்தத்தை உறிஞ்சாது, தடுக்கவும் தடுக்காது, தீப்பிடித்தால் உருகி ஒழுகும். முட்டை அட்டையும் பெரிய பயன் தராது. வாயால் ஊதினால் காற்று உள்ளே போகிற பொருளாக இருக்க வேண்டும், அந்தத் துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், கனமும் கொஞ்சம் வேண்டும்.

அப்புறம், உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. இதைக் குழப்பிக்கொண்டதால்தான் எங்கள் ஹால் இன்றைக்கு இப்படி இருக்கிறது. 40 அடிக்கு 20 அடி ஷீட் போட்ட ஹால், அதை நடுவில் பிளைவுட்டால் தடுத்து மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் வைத்திருக்கிறோம். தடுப்பு ஏழு அடி உயரம், அதற்கு மேல் நாலு அடி திறப்பு. இந்தப் பக்கம் ஏழாம் வாய்ப்பாடு, அந்தப் பக்கம் பாட்டு. நான் போன வருடம் வரை அங்கேதான் இருந்தேன். என் பிள்ளைகள் பாதிப் பேர் பக்கத்து வகுப்புக் கேள்விக்குப் பதில் சொல்வார்கள்.

சத்தத்தைத் தடுக்க வேண்டியது எடை. ஒரே வகைச் சுவரில் எடையை இரட்டிப்பாக்கினால் சுமார் 5, 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். இரண்டு பக்கமும் பூசிய ஒன்பது அங்குல செங்கல் சுவர் 50 டெசிபல் அளவுக்குத் தடுக்கும், அந்தப் பக்கம் பாடம் நடப்பதே தெரியாது. ஒற்றைப் பிளைவுட் பலகை 25 டெசிபலை ஒட்டித்தான், பேச்சு புரிகிற அளவுக்கு வந்துவிடும். அதுவும் மேலே வரை மூடியிருந்தால்! சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தாலே, எப்பேர்ப்பட்ட சுவராக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. எங்கள் தடுப்பில் பதினொரு அடிக்கு நாலு அடி ஓட்டை. அதைச் சூத்திரத்தில் போட்டால் நாலைந்து டெசிபல்தான் மிஞ்சுகிறது. பார்வையை மறைக்கிறது, அவ்வளவுதான். அதற்கு ஒரு தொகை செலவழித்து, கணக்கும் முடித்துவிட்டார்கள்.

அதே ஹாலில் ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் பாடமே கிடையாது. ஷீட் மெல்லிசு, விறைப்பு, ஒவ்வொரு துளியும் அதை மேளம் மாதிரி அடிக்கிறது. எங்கள் பழைய ஓட்டுக் கட்டடத்தில் மழை பெய்தால் பாடம் நின்றதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஓடு கனமாக இருக்கும், ஒன்றோடொன்று இறுகிப் பிணையாமல் இருக்கும், உள்ளே எழும் சத்தமும் இடுக்கு வழியே வெளியேறிவிடும். இப்போது மழை வந்தால் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு எழுதிக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டுகிறோம். இரண்டாம் பருவத்தில் எத்தனை மணி நேரம் இப்படிப் போகிறது என்று வகுப்புக் குறிப்பேட்டைப் பார்த்தால் தெரியும், காட்டத் தயாராக இருக்கிறேன்.

புதிய வரைபடத்துக்கு வருகிறேன். இரண்டு அறைக்கும் நடுவே நாலு அங்குல ஏ.ஏ.சி. பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல், என்று எழுதியிருக்கிறீர்கள். வெயிலுக்கு அது நல்ல பொருள், கட்டடத்தின் பாரமும் குறையும், வெளிச்சுவருக்கு வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது லேசாக இருப்பதுதான் இங்கே பிரச்சினை. பூசிய பிறகும் 40 டெசிபலைத் தாண்டுவது கஷ்டம், செங்கல்லைவிடப் பத்து டெசிபல் குறைவு. பத்து டெசிபல் என்றால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தம். அறைகளின் ஜன்னல் எல்லாம் நெடுஞ்சாலைப் பக்கம், வராந்தா உள்பக்கம். 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி பள்ளியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே பகலில் 50 டெசிபல்தான் எல்லை. அந்த ரோட்டில் போகும் லாரிகளும் பஸ்களும் அந்த விதியைப் படித்ததில்லை. கட்டடத்தைத் திருப்பி வைத்து, வராந்தாவையும் சாமான் அறையையும் ரோட்டுப் பக்கம் கொண்டுவந்தால் ஒரு செங்கல்கூடக் கூடுதலாகச் செலவாகாது. ஒரு வரிசை மரம் நட்டால் சத்தம் குறைந்துவிடும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நிழலுக்காக நடலாம், அவசியம் நடுவோம். ஆனால் இலை இடுக்கு வழியாகச் சத்தம் தாராளமாக வரும். ரோட்டை ஒட்டி, ஜன்னலின் தலைக்கு மேல் உயர்கிற காம்பவுண்டுச் சுவர் அதைவிட நன்றாகத் தடுக்கும்.

நான் கேட்பவை இவைதான்.

புதிய இரண்டு அறைகளுக்கான டெண்டர் திறப்பதற்கு முன் வரைபடத்தைத் திருத்துங்கள். நடுச்சுவர் ஒன்பது அங்குல செங்கல்லாக, தரையிலிருந்து கூரைத் தளம் வரை இடுக்கில்லாமல் போக வேண்டும், ஒயர் போகிற ஓட்டையைக்கூடச் சிமெண்டால் அடைக்க வேண்டும். இரண்டு அறையின் கதவும் வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம், எதிரெதிர் கோடியில் வையுங்கள், கதவு வழியாகப் போகிற சத்தம் சுவர் வழியாகப் போவதைவிட அதிகம்.

கூரையின் அடிப்பரப்பில் பாதியை, அதாவது ஒரு அறைக்கு 200 சதுர அடியை, எரியாத உறிஞ்சியால் மூடுங்கள். நூற்றுக்கு எண்பது பங்கு உறிஞ்சுகிற பலகையாக இருந்தால் அது மட்டுமே 14.8 சதுர மீட்டர் கூட்டும், மேலே போட்ட கணக்கில் சேர்த்துப் பாருங்கள், 1.28 விநாடி 0.65-க்கு வந்து நிற்கும். பின்சுவரில் சாஃப்ட் போர்டு வைத்தால் மீதியும் சரியாகும், பிள்ளைகளின் படங்களை ஒட்ட இடமும் கிடைக்கும். ஒரு விஷயம், ஆசிரியர் நிற்கிற முன்பக்கக் கூரையை மூடாதீர்கள். முதல் திருப்பத்திலேயே, ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் வந்து சேருகிற ஒலி காதுக்கு உதவத்தான் செய்யும், குரலைப் பின்னால் கொண்டு சேர்ப்பது அதுதான். பின்பக்கமும் ஓரங்களும் மூடினால் போதும். பணம் எங்கே என்று கேட்டால், சுவரில் நாலு அடி உயரத்துக்குப் போடுகிற டைல்ஸை விட்டுவிடுங்கள் என்பேன். அந்த இடத்துக்குக் கழுவக்கூடிய பெயிண்ட் போதும்.

ஷீட் ஹாலுக்கு, ஷீட்டுக்குக் கீழே ராக்வுல் வைத்த பொய்க்கூரை வேண்டும். மழைச் சத்தத்தையும் குறைக்கும், சித்திரை வெயிலையும் குறைக்கும். பிளைவுட் தடுப்பை எடுத்துவிட்டு ஷீட் வரை சுவர் எழுப்பிக் கொடுங்கள்.

இனிமேல் கட்டுகிற எந்த வகுப்பறைக்கும், ஒப்பந்ததாரருக்குக் கடைசிப் பில் பாஸ் ஆவதற்கு முன், எதிர்முழக்க நேரத்தை அளந்து அளவீட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கான்கிரீட் கட்டியை உடைத்துப் பார்க்கிறீர்கள், மின் இணைப்பைச் சோதிக்கிறீர்கள். இதற்கு ஒரு பலூனும் ஒரு மணி நேரமும்தான் வேண்டும்.

மைக் செட் இரண்டையும் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள், வகுப்பறைச் சிக்கல் அதோடு தீர்ந்தது என்று கோப்பை மட்டும் மூடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் நாள் ஆகும் என்பது தெரியும். அதனால் உடனடியாக ஒன்றே ஒன்று. இப்போது இருக்கிற இரண்டு கான்கிரீட் அறைகளில் ஒன்றுக்காவது, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அந்த 200 சதுர அடிப் பலகையை மாட்டிக் கொடுங்கள். பொருளை நீங்கள் தந்தால் மாட்டுகிற கூலியைத் தருவதாகப் பெற்றோர் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அந்தத் தாளை மனுவோடு இணைத்திருக்கிறேன். கருவி மாட்டிய அந்தப் பெண் இந்த வருடம் என் வகுப்பை முடித்துவிட்டுப் போய்விடுவாள், அவளுக்கு இது உதவாது. அவள் தம்பி நாலாம் வகுப்பில் இருக்கிறான், அவனுக்கும் கருவிதான். அந்த அறையை ஐந்தாம் வகுப்புக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு ஆசிரியை